பாட்டி வடித்த கஞ்சி

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் பாட்டி 2012-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தன் 86-ஆவது வயதில் காலமானாள். முதல் நாள் இரவு வரை தன் கையால் காபி போட்டுக் குடித்தவள். அநாயாச மரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். கேவ்ராதலா மயானத்தில் தகனம் நடந்தது. பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் என்றாலும், "என் அஸ்தியைத் தூக்கிண்டு எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே கங்கை ஓடறது" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். அப்படியே செய்தோம்.

பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்தன்று வீடு நிறைய மனுஷாள். பெங்களூர், மும்பை, சென்னை, அமெரிக்கா என்று சிதறிப் போயிருந்த குடும்பம் பல வருஷங்களுக்குப் பிறகு ஒன்று கூடியிருந்தது. கொல்லைப்புறத்தில் சமையற்காரர் பெரிய தவலையில் சாதம் வடித்தார். வடித்த கஞ்சியை ஆவி பறக்க அப்படியே சாக்கடையில் கொட்டினார். இலை போடும் அவசரத்தில் இருந்த எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா மட்டும் பதறி எழுந்துவிட்டார். "ஃபேன்! ஃபேனைக் கொட்டாதே! தீதி இருந்தால் விட்டிருப்பாளா?" என்றார். தீதி என்று அவர் சொன்னது எங்கள் பாட்டியை.

வங்காளியில் 'ஃபேன்' என்றால் சோறு வடித்த கஞ்சி. அந்த ஒரு வார்த்தைக்குள் பாட்டி 69 வருஷங்களாக எதை வைத்திருந்தாள் என்பது அன்று சாயங்காலம்தான் எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொல்வதற்கு முன், நம்மவர்கள் அந்த ஊருக்குப் போன கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆபீஸைத் தேடிப் போனவர்கள்

1911-இல் டில்லி தர்பாரில் அறிவிப்பு வரும் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம் கல்கத்தா. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ், துறைமுகம், கார்டன் ரீச்சில் இருந்த பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தலைமை அலுவலகம், கிளைவ் தெருவின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் கணக்கும் இங்கிலீஷும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் கற்ற நம் பையன்கள் மெட்ராஸ் மெயிலில் ஏறினார்கள். தலைநகரம் டில்லிக்குப் போன பிறகும் கம்பெனிகள் போகவில்லை. ஆகவே நம்மவர்கள் வருவதும் நிற்கவில்லை.

அப்படிப் போனவர்களில் உலகமே அறிந்தவர் சர் சி. வி. ராமன். 1907-இல் அவர் கல்கத்தாவுக்குச் சென்றது விஞ்ஞானியாக அல்ல, நிதித் துறையில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக. அதே வருஷம் கல்யாணமாகி லோகசுந்தரி அம்மாளும் உடன் சென்றார். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமன் ஆராய்ச்சி செய்தார். 1928-இல் அங்கே கண்டுபிடித்தது 1930-இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது. 1933-இல் அவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். ராமனைப் பற்றி எத்தனையோ புஸ்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் பாஷை தெரியாத ஊரில் ஒரு புதுமணப் பெண் எப்படி அடுப்பு மூட்டினாள், யாரிடம் அரிசி வாங்கினாள், முதலில் என்ன வங்காளி வார்த்தை கற்றாள் என்பதையெல்லாம் நாம் தேடிப் படிப்பதில்லை. நம்மவர்கள் வரலாறு என்றால் ஆபீஸின் வரலாறு என்றே நினைத்துவிட்டோம்.

1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் நகரின் தெற்கே சுமார் 192 ஏக்கர் சதுப்பு நிலத்தை எடுத்து, அதில் 73 ஏக்கரில் ஏரி வெட்டியது. தாகுரியா ஏரி என்று அழைக்கப்பட்ட அதற்கு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறியது. நம் ஜனங்களுக்கு அது என்றைக்கும் 'லேக்'தான். ஏரிக்கு வடக்கே ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ, புதிதாக அரைத்த காபிப்பொடி எல்லாம் லேக் மார்க்கெட்டில் கிடைத்தன. "வைதீகாளும் உண்டு, வடகமும் உண்டு, இன்னும் என்ன வேணும்?" என்பார் எங்கள் தாத்தா. அவர் கிளைவ் தெருக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார்.

லேக் கார்டன்ஸ் வீடு

1961-இல் தாத்தா ஏரிக்குத் தெற்கே லேக் கார்டன்ஸில் மனை வாங்கி, மாடி வைத்து ஒரு வீடு கட்டினார். அங்கிருந்து சிறிது தூரத்தில் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. அந்தப் பெயருக்குப் பின்னால் நம் வேலூர் இருக்கிறது. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பி டாலிகஞ்ச் பகுதியில் குடியமர்த்தியது. அந்த வம்சத்து இளவரசர் பெயர்தான் சாலைக்கு. "நமக்கு முன்னாடியே நம்ம பக்கத்திலேர்ந்து இங்கே வந்தவா இருக்கா. அவாளுக்கு ரிடர்ன் டிக்கெட் இல்லை, நமக்கு உண்டு" என்று தாத்தா வேடிக்கையாகச் சொல்வார். கடைசியில் அவரும் அந்த டிக்கெட்டை உபயோகிக்கவில்லை. 1988-இல் அதே வீட்டில் காலமானார்.

நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பேத்தி. 1991-இல் கல்யாணமாகிப் பெங்களூர் வரும் வரை பாட்டியின் அடுக்களையைப் பார்த்தவள். வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தது. பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் அதில்தான். சாதம் மட்டும் வெண்கலப் பானைதான். "குக்கர்ல கஞ்சி எங்கேடி வரும்?" என்பாள். வடித்த கஞ்சியைப் பித்தளைப் பாத்திரத்தில் பிடித்து, ஒரு கை உப்புப் போட்டுக் கலக்கி, கொல்லைப் படியில் மூடி வைப்பாள். ரிக்ஷாக்காரர் ஒருவர் தினமும் வந்து குடிப்பார். யாரும் வராத நாளில் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். அதைக் கொட்டும்போது பாட்டியின் முகம் சரியாக இருக்காது.

நாங்கள் அதற்கு விதவிதமாகக் காரணம் சொல்லிக்கொண்டோம். வேஷ்டி, புடவைக்குக் கஞ்சி போட என்றாள் அத்தை. மாட்டுக்கு என்றான் என் தம்பி. புடவைக்குப் போடும் கஞ்சிக்கு உப்பு எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் குடும்பத்தில் பாட்டியைப் போல வங்காளி பேசியவர் கிடையாது. தாத்தா நாற்பது வருஷம் அங்கே உத்தியோகம் பார்த்தும் இங்கிலீஷும் கொச்சை ஹிந்தியும்தான். பாட்டியோ மீன்காரியோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுவாள். (மீன் வாங்க அல்ல, வாசலில் கூடையை இறக்காதே என்று சொல்ல!) எழுத்துக் கூட்டிப் பேப்பரும் படிப்பாள். பாஷையில் அவ்வளவு ஆசை என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

1943

பாட்டிக்கு 1941-இல், 15 வயதில் கல்யாணம். உடனே கல்கத்தா வரவில்லை. யுத்த காலம். 1942 ஏப்ரலில் ஜப்பான் பயத்தில் சென்னைப் பட்டணமே காலியானது. அந்த டிசம்பர் 20-ஆம் தேதி கல்கத்தாவில் நிஜமாகவே குண்டு விழுந்தது. அங்கிருந்த நம் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டன. கிராமத்துக்கு வந்துவிட்ட மாமியாருடன் 1943 ஆகஸ்ட் மாதம்தான் பாட்டி மெட்ராஸ் மெயிலில் ஏறினாள். அந்த பிப்ரவரியில் திறந்திருந்த புது ஹௌரா பாலத்தைக் கண்டு வாயைப் பிளந்து நின்றதைக் கதை கதையாகச் சொல்வாள். கரக்பூர் தாண்டியதும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் என்ன பார்த்தாள் என்பதை மட்டும் சொன்னதே இல்லை.

அந்த வருஷம் வங்காளத்தில் நடந்தது இதுதான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழ, பர்மா அரிசி வருவது நின்றது. எதிரி வந்தால் உபயோகிக்கக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரசாங்கம் அரிசியையும் படகுகளையும் அப்புறப்படுத்தியது. படகு போனதும் மீனவனுக்கும் விவசாயிக்கும் பிழைப்பு போயிற்று. 1942 அக்டோபர் 16-ஆம் தேதி மிதுனாபூரைப் பெரும் புயல் தாக்கியது. யுத்தச் செலவுக்காகப் பணம் கொட்டியது, விலை ஏறியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மவுண்டு (ஏறத்தாழ 37 கிலோ) அரிசி சுமார் 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். கூலி மட்டும் அப்படி ஏறவில்லை.

அரிசி விளைவித்த கிராமத்து ஜனங்களே அரிசியைத் தேடி கல்கத்தாவுக்கு நடந்து வந்தார்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். ஆகவே வீட்டுக்கு வீடு கொல்லை வாசலில் நின்று கஞ்சித் தண்ணீர் கேட்டார்கள். "ஃபேன் தாவ், மா" என்ற அந்தக் குரலை அக்காலத்தில் கல்கத்தாவில் இருந்த யாரும் மறந்ததில்லை.

அரசாங்கம் அதைப் 'பஞ்சம்' என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. 1943 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் துணிந்து புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் விழித்தது. ஓவியர் சித்தபிரசாத் மிதுனாபூரில் நடந்து திரிந்து எழுதி, வரைந்து வெளியிட்ட 'ஹங்க்ரி பெங்கால்' நூலின் பிரதிகளை அரசாங்கம் பறிமுதல் செய்து அழித்தது. அக்டோபர் கடைசியில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, தெருவில் கிடந்தவர்களை நகருக்கு வெளியே முகாம்களுக்கு வாரிக்கொண்டு போனார்கள். 1944 ஜனவரி கடைசியில்தான் கல்கத்தாவில் ரேஷன் வந்தது. இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றது 1945-இல் வந்த விசாரணைக் கமிஷன் அறிக்கை. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் 21 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்கிறார்கள்.

சாந்திநிகேதனில் அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த அமர்த்தியா சென், வாசலுக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கத் தாத்தா தன்னை அனுமதித்ததைச் சொல்லியிருக்கிறார். குடும்பத்துக்கு ஒரு டின், அதற்கு மேல் இல்லை. வளர்ந்து பொருளாதார நிபுணரான அவர் 1981-இல் வெளியிட்ட நூலில், பஞ்சம் என்பது ஊரில் அரிசி இல்லாததால் மட்டும் வருவதல்ல, வாங்கும் சக்தி ஒரு சாராருக்கு அற்றுப் போவதால் வருவது என்று இந்த வங்காளப் பஞ்சத்தையே உதாரணமாக வைத்துக் காட்டினார். 1998-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாஷிமா சொன்னது

அன்று சாயங்காலம், பந்தி முடிந்து வாத்தியார்கள் போன பிறகு, மாஷிமா என்னைக் கொல்லைப் படியில் உட்கார வைத்துக்கொண்டார். அவருக்கு அப்போது 82 வயது. கிழக்கு வங்காளத்தில் பிறந்து, தேசப் பிரிவினைக்குப் பின் வந்த குடும்பம். நாங்கள் வீடு கட்டிய நாளிலிருந்து பக்கத்து வீடு. பாட்டி அவரிடம் சொன்னது 1966-இல். அந்த வருஷமும் மேற்கு வங்காளத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு, ஊரெங்கும் கிளர்ச்சி. ரேஷன் க்யூவில் நின்றுவிட்டு இருவரும் திரும்பி நடக்கையில் பாட்டி சொன்னாளாம்.

பாட்டி கல்கத்தா வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. லேக் மார்க்கெட் அருகே சந்துக்குள் வாடகை வீடு. பகல் வேளை. மாமியார் மடியில் இருக்கிறாள். பதினேழு வயது மருமகள் சாதம் வடிக்கிறாள். கொல்லை வாசலில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். "ஃபேன் தாவ், மா" என்கிறாள். பாட்டிக்கு வங்காளி தெரியாது. ஆனால் 'ஃபேன்' தெரியும். கிராமத்தில் பார்த்திராத அதிசயமாக, ஹாலில் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்ததே!

உள்ளே போய், "அம்மா, வாசல்ல ஒருத்தி ஃபேன் கேக்கறா" என்றாள். மாமியாருக்கும் அந்த வார்த்தை தெரியவில்லை. "ஃபேனா? நம்மாத்துல இருக்கறதே ஒண்ணு! அதைக் கழட்டிக் குடுத்துட்டு நாம விசிறிண்டு உக்காரணுமா?" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தாள். அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். பாட்டி மேலே கையைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள். பிறகு பானையைச் சாய்த்து, கஞ்சியை அவள் கண் எதிரிலேயே சாக்கடையில் விட்டாள்.

பிறந்த வீட்டில் வடித்த கஞ்சி போவது மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்கு. அதை ஒரு மனுஷி கேட்பாள் என்று பாட்டிக்கு எப்படித் தோன்றும்?

இரவு தாத்தா ஆபீஸிலிருந்து வந்ததும் இதை வேடிக்கையாகச் சொன்னார்கள். தாத்தா சிரிக்கவில்லை. ஃபேன் என்றால் என்ன என்று சொன்னார். மறுநாள் பாட்டி மாமியாரிடம் கேட்காமலேயே கஞ்சியைப் பிடித்து, உப்புப் போட்டு, கொல்லைப் படியில் வைத்துக் காத்திருந்தாள். யார் யாரோ வந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேறு தெருவுக்குப் போனாளா, வேறு என்ன ஆனாள் என்பது பாட்டிக்குக் கடைசி வரை தெரியாது.

"நான் அவளுக்கு இல்லேன்னு கூடச் சொல்லலை. அவ கேட்டதே எனக்குப் புரியலை" என்றாளாம் பாட்டி. அதன் பிறகுதான் வங்காளி கற்றுக்கொண்டாள்.

நாம் சொல்லாத கதை

எங்கள் குடும்பத்தில் கல்கத்தாக் கதைகளுக்குக் குறைவே இல்லை. சைரன் ஊதியதும் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்தது, 1946 ஆகஸ்ட் கலவரத்தில் வாரக்கணக்கில் வெளியே போகாமல் இருந்தது, 1947 ஆகஸ்ட் 15 அன்று ராஜாஜி மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னரானபோது நம்மவர்கள் பெருமைப்பட்டது, 1978 வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் ஆவணி அவிட்டத்துப் பூணூலைத் தேடிப் போனதாகத் தாத்தா அளந்தது (வெள்ளம் வந்தது செப்டம்பரில்!) எல்லாம் உண்டு. 1943 பற்றி மட்டும் ஒரு வரிதான்: "அப்போ அரிசிக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனா ஆபீஸ்ல குடுத்தா, சமாளிச்சோம்."

அந்த "ஆபீஸ்ல குடுத்தா" என்பதைப் பின்னாளில் படித்துப் புரிந்துகொண்டேன். யுத்த வேலை தடைப்படக் கூடாது என்று கல்கத்தாவின் பெரிய கம்பெனிகள், ரயில்வே, துறைமுகம், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் தானியம் கொடுக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்து ஜனங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நம்மவர்கள் யாரிடமும் பிடுங்கித் தின்னவில்லை. மாதச் சம்பளக்காரர்கள், சொந்த ஊரை விட்டு வந்தவர்கள், வாடகை வீட்டில் பயந்து பயந்து வாழ்ந்தவர்கள். ஆனாலும் சாப்பிட்டவர்கள் பட்டியலில் நாம் இருந்தோம், வாசலில் நின்றவர்கள் இல்லாத பட்டியல் அது. இதைச் சொல்ல நாணப்பட்டோ, சொல்லத் தோன்றாமலோ நம் பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். பாட்டியும் எங்களிடம் சொல்லவில்லை. தினமும் படியில் வைத்தாள், அவ்வளவுதான். அவள் சிரித்ததற்காக அவளை மன்னிக்க எங்களால் முடியும் என்று நினைத்திருக்க மாட்டாள். வங்காளியான மாஷிமாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

கேட்டுவிட்டு மாஷிமா என்ன சொன்னார் என்று விசாரித்தேன். "என்ன சொல்ல முடியும்? எங்கள் கிராமத்திலும் கொடுக்க முடியாமல் கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். நான் தீதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்" என்றார்.

1967-க்குப் பின் கேராவும் கலவரமுமாகிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கல்கத்தாவை விட்டுப் போயின. எழுபதுகளில் மின்வெட்டு. நம் குடும்பங்களும் பம்பாய், பெங்களூர், சென்னை என்று கிளம்பின. பிள்ளைகள் கூப்பிட்டும் பாட்டி மட்டும் அசையவில்லை. பிடிவாதம் என்றோம். அந்தக் கொல்லைப் படியை விட்டு வர மனமில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வீடு இப்போது இல்லை. பங்குதாரர்கள் கூடி விற்றோம். அந்த இடத்தில் நாலு மாடி ஃபிளாட் நிற்கிறது. மாஷிமாவும் போய்விட்டார். வெள்ளிப் பாத்திரங்களை அத்தைகள் பகிர்ந்துகொண்டபோது நான் அந்தப் பித்தளைப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "இதைப் போய் கேக்கறியே, அடியில ஒட்டை போட்டிருக்கு" என்றார்கள். ஈயம் பூசி, அடைத்து வைத்திருக்கிறேன்.

வருஷா வருஷம் பாட்டியின் திதிக்கு மறுநாள் எங்கள் பெங்களூர் வீட்டில் குக்கர் வைப்பதில்லை. சாதத்தை வடித்து, கஞ்சியில் உப்புப் போட்டு அந்தப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கீழே போகிறேன். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கஞ்சி மட்டும் அல்ல, சாதம், குழம்பு, ஊறுகாய் எல்லாம் கொண்டு போகிறேன். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வங்காளத்துக்காரர்கள். போன வருஷம் அவர்களில் ஒரு பெண், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபேன்!" என்று சிரித்தாள். எங்கள் ஊரில் இதை இப்போது யார் குடிக்கிறார்கள் என்றாள். ஆனாலும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

நம் உறுப்பினர்களில் கல்கத்தாவில் வாழ்ந்த குடும்பங்கள் பல உண்டு. உங்கள் வீட்டிலும் 1943 ஒரே வரியில் முடிந்துவிடுகிறதா? அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. யாராவது இருந்தால், இந்த விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் பாட்டியிடம் நான் கேட்கத் தவறிய கேள்விதான்: கஞ்சியில் உப்பு எதற்கு?